பூஜ்யம் என்ற தீர்ப்பு

(மயிலாப்பூரில் இளம் சதுரங்க ஆட்டக்காரர்களும் பெற்றோர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடையாறிலோ தி.நகரிலோ ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஏதாவது ஒரு சிறுவர் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். ஆட்டம் முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் முதலில் "ஜெயிச்சியா?" என்று கேட்கிறோம். அடுத்த நிமிடமே அவன் எழுதிக்கொண்டு வந்த ஸ்கோர் ஷீட்டை வாங்கி, நகர்த்தல்களைச் செல்போனில் ஏற்றுகிறோம். சதுரங்க என்ஜின் ஓடுகிறது. "ஆக்யுரசி 71" என்று வருகிறது. கூடவே இரண்டு கேள்விக்குறி போட்ட ஒரு பிளண்டர், ஒற்றைக் கேள்விக்குறியோடு மூன்று தவறுகள். அங்கேயே நின்றபடி விசாரணை தொடங்குகிறது. அடுத்த சுற்றுக்கு அரை மணி நேரம்கூட இருக்காது. அந்தப் பிள்ளை 71 என்ற எண்ணைத் தலையில் சுமந்துகொண்டுதான் மறுபடி பலகை முன்னால் உட்காருகிறான்.

அந்த 71 எங்கிருந்து வந்தது? எதை அளந்து வந்தது? எது அதன் கண்ணில் படவே இல்லை? இன்றைக்கு இதைத்தான் பேசப்போகிறேன். கணினியைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. உலகத்தின் எந்த ஆட்டக்காரரையும்விட அது பலமானது. ஒரு நகர்த்தல் நல்லதா கெட்டதா என்று கேட்டால் அதன் சொல்லை மீற நம்மில் யாருக்கும் தகுதி இல்லை. ஆனால் அது சொல்வது நகர்த்தலைப் பற்றி. நாமோ அதைப் பிள்ளையைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம். நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது.

முதலில் எண் பிறக்கும் விதம். 1950இல் வெளியான ஒரு கட்டுரையில் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன், கணினி சதுரங்கம் ஆடுவதற்கான அடிப்படையை வகுத்தார். ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் தலா 3, சிப்பாய்க்கு 1. ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் இரட்டைச் சிப்பாய்க்கு அரைப் புள்ளி கழிவு. காய்கள் போகக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் பத்தில் ஒரு புள்ளி கூடுதல். இப்படி ஒரு நிலையை எண்ணாக்கிவிட்டு, பிறகு "நான் இப்படிப் போனால் அவர் எப்படிப் போவார்" என்று கிளை கிளையாகத் தேட வேண்டும். 1997இல் உலக சாம்பியன் காஸ்பரோவை 3½–2½ என்று வென்ற டீப் ப்ளூ கணினி இதே வழியில்தான் வினாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. இன்று நம் செல்போனில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் தேடுவதில் அதே பரம்பரை, மதிப்பிடுவதில் வேறு. ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்துக்காக யூ நாசு 2018இல் உருவாக்கிய சிறிய நரம்பு வலைப்பின்னலை, 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 சேர்த்துக்கொண்டது. கோடிக்கணக்கான நிலைகளைப் பார்த்துப் பழகிய வலை, "இது வெள்ளைக்கு இவ்வளவு நல்லது" என்று ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணின் அலகு சென்டிபான், அதாவது ஒரு சிப்பாயின் நூறில் ஒரு பங்கு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். +1.00 என்றால் ஒரு சிப்பாய் அதிகம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் அதற்கு வேறு பொருள். தன்னைப் போன்றே பலமுள்ள எதிராளியோடு ஆடினால் வெல்லும் வாய்ப்பு 50 சதவீதம் இருக்கிறதா, அதுதான் +1.00. ஆக, திரையில் வரும் எண்ணே ஸ்டாக்ஃபிஷ் ஸ்டாக்ஃபிஷோடு ஆடினால் என்ன ஆகும் என்பதைப் பற்றிய கணிப்பு. பலகையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை.

இனி அந்த 71 என்ற சதவீதத்துக்கு வருவோம். லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளம் தன் சூத்திரத்தை ஒளிக்காமல் வெளியிட்டிருக்கிறது. அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். என்ஜின் எண்ணை அவர்கள் முதலில் வெல்லும் வாய்ப்பாக மாற்றுகிறார்கள். +1 என்றால் 59 சதவீதம். +3 என்றால் 75. +7 என்றால் 93. +10 என்றால் 97½. வளைகோடு மேலே போகப்போகத் தட்டையாகிறது. சமமாக இருந்த ஆட்டத்தில் ஒரு பிள்ளை மூன்று சிப்பாய் மதிப்பை இழந்தால் வாய்ப்பு 50இலிருந்து 25க்கு விழுகிறது. அந்த நகர்த்தலுக்குச் சூத்திரம் தரும் துல்லியம் ஏறக்குறைய 32. இன்னொரு பிள்ளை +10இலிருந்து +7க்கு இறங்குகிறாள். இழந்தது அதே மூன்று சிப்பாய்தான். அவளுக்குக் கிடைப்பது 81. இது நியாயமான ஏற்பாடு என்றே நான் சொல்வேன். பத்து சிப்பாய் முன்னால் இருப்பவர் பத்திரமான வழியில் போவது தவறல்ல. பழைய முறையில் சென்டிபான் இழப்பை அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தபோது, ஜெயித்துக்கொண்டிருந்தவரின் நிதானம்கூடத் தவறாகக் கணக்கானது.

ஆனால் அந்த வளைகோட்டை எந்த ஆட்டங்களிலிருந்து வரைந்தார்கள்? அந்தத் தளத்தில் 2300 புள்ளி அளவில் இருப்பவர்களின் ஆட்டங்களிலிருந்து. 1200 புள்ளிப் பிள்ளைகள் இருவர் ஆடும்போது +3 என்பது 75 சதவீதம் ஆகாது. அந்த அளவில் ஒரு பிஷப் அதிகம் இருந்தாலும் ஆட்டம் எத்தனையோ முறை தலைகீழாகப் புரள்கிறது. இன்னொன்று, எதிராளி ராணியால் நம் ராணியை வெட்டினார், நாம் திருப்பி வெட்டினோம் என்றால் அந்த நகர்த்தலுக்கு நூற்றுக்கு நூறு. வேறு வழியே இல்லாத நகர்த்தல் அது. காய்களை மளமளவென்று மாற்றிக்கொண்டு இருபது நகர்த்தலில் டிரா செய்துகொண்டால் இருவருக்கும் 97, 98 என்று வரும். நான்கு மணி நேரம் போராடி, குழம்பிய நிலையில் வழி தேடிக் கண்டுபிடித்து வென்ற பிள்ளைக்கு 74 வரும். 98ஐக் காட்டி 74ஐத் திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது என்னை உண்மையாகவே வருத்துகிறது.

இனி, நம் ஊர் பார்த்த ஒரு நகர்த்தலுக்கு வருகிறேன். இங்கிருந்து சில நிமிட தூரத்தில், தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில் 2013 நவம்பரில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. சொந்த ஊரில் பட்டத்தைக் காக்க வந்தார் ஆனந்த். எதிரே 22 வயது கார்ல்சன். நவம்பர் 21, ஒன்பதாவது ஆட்டம். 3–5 என்று ஆனந்த் பின்தங்கியிருக்கிறார். மீதி நான்கு ஆட்டங்கள். வெள்ளை அவர் கையில். வென்றே ஆக வேண்டும்.

அவர் நிம்ஸோ-இந்தியத் தற்காப்பில் எஃப்3 என்ற கூர்மையான வழியை எடுத்தார். பலகையின் வலது பக்கம் முழுவதும் வெள்ளைச் சிப்பாய்கள் முன்னேறின. இடது பக்கம் கார்ல்சனின் ஒரே ஒரு சிப்பாய் பி வரிசையில் இறங்கிக்கொண்டே வந்தது. ஆனந்த் அதைத் தடுக்க ஒரு நகர்த்தலைக்கூடச் செலவிடவில்லை. 23ஆவது நகர்த்தலில் நெடுநேரம் யோசித்து ராணியை எஃப்4க்குக் கொண்டுவந்தார். பிறகு சிப்பாய் எஃப்6க்கு, ராணி எச்6க்கு, யானை எஃப்4க்கு. அடுத்து யானை எச்4க்கு வந்தால் எச்7இல் செக்மேட். அதற்குள் கறுப்புச் சிப்பாய் பி1ஐத் தொட்டு, செக்கோடு ராணியாகிவிட்டது.

தாக்குதலைக் கைவிடாமல் செக்கைத் தடுக்க இப்போது இரண்டே வழி. ஜி2இல் இருக்கும் பிஷப்பை எஃப்1இல் வைக்கலாம். ஜி3இல் இருக்கும் குதிரையை எஃப்1இல் வைக்கலாம். ஆனந்த் குதிரையை வைத்தார். கார்ல்சன் புதிய ராணியை இ1இல் வைத்தார். ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். 28 நகர்த்தல்.

காரணம் இதுதான். இ1இலிருந்து எச்4 வரை ஒரு மூலைக்கோடு. இ1, எஃப்2, ஜி3, எச்4. ஜி3இல் குதிரை நிற்கும்வரை அந்தக் கோடு அடைபட்டிருந்தது. குதிரை நகர்ந்ததும் திறந்துவிட்டது. இனி யானை எச்4க்கு வந்தால் இ1இல் இருக்கும் ராணி அதை வெட்டிவிடும். தாக்குதல் முழுவதும் முடிந்தது. என்ஜினைக் கேட்டால் அந்த ஒரு நகர்த்தல் சமநிலையிலிருந்து பாதாளத்துக்கு விழுந்தது என்று சொல்லும். இரண்டு கேள்விக்குறி போடும். சரியான தீர்ப்பு. அதில் எனக்கு எந்தப் பிணக்கும் இல்லை.

அதற்கு முந்தைய 27 நகர்த்தல்களைப் பற்றித்தான் பேச வேண்டும். பிஷப்பை எஃப்1இல் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கறுப்பு ராணி டி1க்குப் போக வேண்டும். யானை எச்4க்கு வந்ததும் அந்த ராணியே எச்5இல் போய் நின்று தன்னைக் கொடுக்க வேண்டும். குதிரை வெட்ட, சிப்பாய் வெட்ட, யானை வெட்ட, கறுப்பு பிஷப் எஃப்5க்கு வந்து எச்7ஐக் காக்க வேண்டும். இந்த ஒற்றையடிப் பாதையில் ஓர் அடிகூடத் தவறாமல் போனால் கறுப்பு தப்பும். அதனால் என்ஜின் அந்த நிலைக்குப் பூஜ்யத்தை ஒட்டிய எண்ணைத் தருகிறது. சமம் என்கிறது.

வெறும் ராஜாக்கள் இரண்டு மட்டும் மிஞ்சிய பலகைக்கும் என்ஜின் தருவது பூஜ்யம்தான். செக்மேட்டுக்கும் தப்புவதற்கும் நடுவே ஒரே ஒரு நகர்த்தல் நிற்கும் பலகைக்கும் பூஜ்யம். முதல் பூஜ்யத்தில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை. இரண்டாவதில் உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கே மூச்சு முட்டும். இரண்டுக்கும் ஒரே எண் என்றால், அந்த எண் எதிராளியின் தலைமேல் ஏற்றப்பட்ட பாரத்தை அளக்கவில்லை. 3–5 என்று பின்தங்கிய நிலையில், டிராவால் பயனில்லை என்ற நிலையில், ஆனந்த் தேர்ந்தெடுத்தது அந்தப் பாரத்தைத்தான். அந்த ஆட்டத்தில் அவர் எடுத்த முடிவு சரியான முடிவு என்று நான் நம்புகிறேன். நிறைவேற்றும்போது ஒரு நகர்த்தல் தவறியது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பதினோரு ஆண்டுகள் கழித்து இதற்கு நேர் எதிரான ஒன்று நடந்தது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப். குகேஷும் டிங் லிரனும் 6½–6½ என்று சமநிலையில் இருக்க, கடைசி, பதினான்காவது ஆட்டம். வெள்ளை டிங். இருவருக்கும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் ஒரு சிப்பாய் மட்டும் அதிகம், இரண்டுக்கு மூன்று. என்ஜின் டிரா என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நகர்த்திக்கொண்டே இருந்தார் குகேஷ். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2இல் வைத்தார். குகேஷ் யானையை வெட்டினார், ராஜா திருப்பி வெட்டியது, உடனே பிஷப்பை டி5இல் வைத்தார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் மாட்டிக்கொண்டிருந்ததால் விலக இடமில்லை. பிஷப்புகளும் மாறின. 58 நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொள்ள, குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். டிங் வைத்த நகர்த்தலின் பொருள் முதலில் தன் கண்ணில் படவில்லை என்று குகேஷே பின்னர் சொன்னார்.

பிஷப்புகள் மாறிய பிறகு பலகையில் இருந்தவை இரண்டு ராஜாக்கள், ஐந்து சிப்பாய்கள், மொத்தம் ஏழு. ஏழு காய்வரை உள்ள எல்லா நிலைகளுக்கும் முடிவு ஏற்கெனவே கணக்கிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. 2012இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் அதை முதலில் செய்தது. அந்த அட்டவணையில் +2, +3 என்ற பேச்சே இல்லை. முடிவு வெற்றி, தோல்வி, டிரா, இந்த மூன்றில் ஒன்றுதான். சதுரங்கத்தில் நகர்த்தலின் தரத்தைச் சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடிய பகுதி இது. மற்ற இடங்களில் பெரும்பாலும், எவ்வளவு பலமான என்ஜினாக இருந்தாலும், அது சொல்வது மதிப்பீடு. ஆழம் கூடினால் மாறும். செல்போனில் சில வினாடி ஓடவிட்டுக் "தவறு" என்று வந்த நகர்த்தல், அரை மணி ஓடவிட்டால் முதல் தேர்வாக வருவது உண்டு.

குகேஷ்–டிங் போட்டியின் தரம் குறைவு என்று முன்னாள் சாம்பியன் கிராம்னிக் வெளிப்படையாகச் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. டிரா என்று எல்லோருக்கும் தெரிந்த நிலையில், கை கொடுத்துவிட்டு மறுநாள் அதிவேக டைபிரேக் ஆட்டங்களுக்குப் போகக் குகேஷுக்கு வழி இருந்தது. அவர் போகவில்லை. நேரம் குறைந்துகொண்டிருந்த எதிராளிக்கு ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு புதிய கேள்வி வைத்தார். என்ஜினின் கணக்கில் அந்த நகர்த்தல்கள் அனைத்தும் இழப்பு பூஜ்யம், லாபம் பூஜ்யம். டிராவுக்குச் சம்மதிப்பதற்கும் அதே மதிப்புத்தான். உலகப் பட்டம் பிறந்தது அந்த பூஜ்யங்களுக்கு உள்ளே.

கடிகாரமும் இப்படித்தான், என்ஜினின் கணக்கில் வராது. 2022 ஆகஸ்ட்டில் மாமல்லபுரம் ஒலிம்பியாடில், தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றிருந்த குகேஷ், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் வெல்ல வேண்டிய ஆட்டத்தை, நேர நெருக்கடியில் குதிரையைத் தவறாக வைத்துத் தோற்றார். என்ஜினுக்கு அந்த நகர்த்தலுக்கு எடுத்த நேரம் தெரியாது. அரை மணி யோசித்துச் செய்த பிழையும் ஐந்து வினாடியில் செய்த பிழையும் அதற்கு ஒன்று. பயிற்சியாளருக்கு அவை இரண்டும் வேறு வேறு வியாதிகள்.

இந்தச் சிக்கலை ஆராய்ச்சியாளர்கள் அறியாதவர்கள் அல்ல. 2006இல் ஸ்லோவேனியாவின் மாதேய் குயித், இவான் பிராட்கோ இருவரும் கிராஃப்டி என்ற என்ஜினை வைத்து உலக சாம்பியன்களின் நகர்த்தல்களை அளந்தார்கள். சராசரிப் பிழை மிகக் குறைவாக வந்தவர் காபபிளாங்கா. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. என்ஜின் ஆழமாகத் தேடத் தேடத் தன் முதல் தேர்வை எத்தனை முறை மாற்றிக்கொள்கிறது என்று பார்த்து, நிலையின் சிக்கலையும் அளந்தார்கள். காபபிளாங்கா விரும்பி ஆடியவை சிக்கல் குறைந்த நிலைகள் என்பதும் தெரிந்தது. அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரீகன், இந்த அளவு புள்ளி உள்ளவர் இந்த நிலையில் எந்த நகர்த்தலைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் முறையை உருவாக்கினார். சதுரங்கத்தில் கணினி உதவியோடு ஏமாற்றுபவர்களைக் கண்டுபிடிக்க அது பயன்படுகிறது. இவர்களின் வேலையில்தான் "தரம்" என்ற சொல்லுக்குச் சரியான பொருள் கிடைக்கிறது. நகர்த்தல் எவ்வளவு நல்லது என்பதோடு, அதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதையும் சேர்த்தே எடை போடுகிறார்கள்.

கண்டுபிடிக்கக் கடினமான கேள்விகளை எதிராளிக்கு வைத்தவர் மிகயில் டால். ஆழ்வார்பேட்டையில், அன்றைய சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய சதுரங்கக் கிளப்புக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். மேனுவல் ஆரோன் வழிநடத்திய அந்தக் கிளப்பில்தான் ஆனந்த் சிறுவனாக மணிக்கணக்கில் ஆடினார். டாலின் பலிகளைப் பற்றி இன்றைய என்ஜின்கள் கடுமையாகவே சொல்லும். 1960 உலக சாம்பியன்ஷிப்பில் போத்வின்னிக்குக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், 21ஆவது நகர்த்தலில் எஃப்4இல் ஒரு குதிரையைச் சும்மா வைத்தார். அரங்கத்தில் எழுந்த கூச்சலில் ஆட்டத்தையே உள்ளறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. சரியான பதில் இருந்தது. போத்வின்னிக்குக்கு அது அந்த நேரத்தில் கிடைக்கவில்லை. டால் வென்றார், சாம்பியனும் ஆனார். அந்தக் குதிரைக்கு என்ஜின் கேள்விக்குறி போட்டால் போடட்டும். அந்தப் பெயரில் ஒரு கிளப் வைத்த ஊர் இது. அந்தக் கேள்விக்குறியோடு மட்டும் நாம் திருப்தி அடைந்துவிடக் கூடாது.

சரி, பிள்ளைகளுக்கு என்ன செய்வது? சிறுவயதில் குகேஷின் பயிற்சியாளராக இருந்த நம் ஊர் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, ஒரு துணிச்சலான முடிவை எடுத்தார். கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும்வரை குகேஷை என்ஜின் பக்கம் போகவிடவில்லை. எல்லாரும் எட்டு வயதிலேயே என்ஜினோடு படித்துக்கொண்டிருந்த காலம் அது. குகேஷ் பலகையைப் பார்த்து, தானே எடை போட்டு, தவறாகப் போட்டு, மறுபடி போட்டுப் பழகினார். 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதம் 17 நாளில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். எல்லாப் பிள்ளைக்கும் இதுவே வழி என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு விஷ்ணு பிரசன்னா இல்லாமல் இதைச் செய்வது கடினம். ஆனால் அதன் உட்கரு எல்லார் வீட்டிலும் நடக்கக்கூடியது.

போட்டி நடக்கும் நாளில் என்ஜினைத் திறக்காதீர்கள். சுற்றுகளுக்கு நடுவே பிள்ளைக்குத் தேவை தண்ணீரும் கொஞ்சம் நடையும். ஸ்கோர் ஷீட்டில் நகர்த்தலோடு, கடிகாரத்தில் மீதமிருக்கும் நேரத்தையும் சில நகர்த்தல்களுக்கு ஒரு முறை குறிக்கச் சொல்லுங்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ பலகையை எடுத்து வைத்து, பிள்ளையே ஆட்டத்தை மறுபடி ஆடிக்காட்டட்டும். தனக்குக் கடினமாகத் தோன்றிய மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி, "இங்கே யாருக்கு நல்ல நிலை, ஏன்" என்று தன் கையால் ஒரு நோட்டில் எழுதட்டும். தமிழோ ஆங்கிலமோ, இரண்டு வரி போதும். அதன் பிறகுதான் என்ஜின். அப்போதும் சதவீதத்தைப் பார்க்க வேண்டாம். பிள்ளை எழுதியதும் என்ஜின் சொல்வதும் எங்கே அதிகம் விலகுகிறதோ, அங்கே மட்டும் நில்லுங்கள். என்ஜினில் முதல் தேர்வை மட்டும் காட்டாமல் முதல் மூன்றையும் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருந்தால் அது சுலபமான இடம், அங்கே பிழை செய்தால் கவனக்குறைவு. முதலாவது மட்டும் உயரத்தில் நின்று மற்றவை கீழே கிடந்தால், அங்கே தவறவிட்டதற்காக யாரையும் திட்ட வேண்டியதில்லை. உட்கார்ந்து சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அது.

இதற்கு ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். எல்லா ஆட்டத்துக்கும் முடியாது; வாரத்துக்கு ஓர் ஆட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். தோற்ற ஆட்டம்தான் வேண்டும் என்பதில்லை, வென்றதையும் எடுங்கள். எந்த ஆட்டம் என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

உங்கள் கேள்விகளுக்கு நேரம் வைத்திருக்கிறேன். முன்வரிசையில் இருக்கும் இளம் ஆட்டக்காரர்கள் முதலில் கேளுங்கள்.